சர்க்கரை ஆலையில் கந்தகத்துக்கு என்ன வேலை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"வெள்ளைச் சர்க்கரை என்பது கந்தகம் போட்டு வெளுத்த விஷம்" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வராத மாதமே இல்லை. அதில் கந்தகம் என்பது மட்டும் உண்மை. மற்றதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். இந்தியாவில் பெரும்பாலான ஆலைகளில் நடப்பது 'இரட்டை சல்ஃபிட்டேஷன்' முறை. கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்த முறையைப் பற்றியவை.

சர்க்கரையில் கந்தகத்தைக் கலக்கிறார்களா, இல்லையா?

மஞ்சள் கந்தகத்தை யாரும் சாற்றில் கொட்டுவதில்லை. அதைத் தனி உலையில் எரித்து, வருகிற சல்ஃபர் டை ஆக்சைடு வாயுவைச் சாற்றுக்குள் விடுகிறார்கள். தீபாவளி அன்று பட்டாசு வெடித்த பிறகு மூக்கில் ஏறுமே ஒரு நெடி, அதில் பெரும்பங்கு இந்த வாயுவுடையதுதான்.

கரும்பு உள்ளே போனதிலிருந்து, எந்தெந்த இடத்தில் இந்த வாயு சேர்கிறது?

இரண்டு இடங்களில். அதனால்தான் 'இரட்டை'.

கரும்பை அரைத்ததும் வரும் சாறு, பச்சையும் பழுப்பும் கலந்த கலங்கல். அதன் பி.எச். (அமில-கார அளவு, 7 என்றால் நடுநிலை) ஏறக்குறைய 5.2 முதல் 5.5 வரை, அதாவது லேசான புளிப்பு. அதை 70 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, ஒரு தொட்டியில் சுண்ணாம்புப் பாலையும் கந்தக வாயுவையும் சேர்ந்தாற்போல் விடுவார்கள். வெளியே வரும்போது சாறு 7.0–7.2 பி.எச்.சில் நிற்க வேண்டும். பிறகு 102–103 டிகிரி வரை சூடாக்கி, கிளாரிஃபையர் என்ற பெரிய தொட்டியில் தெளிய விடுவார்கள். அடியில் சேறு, மேலே பொன்னிறத் தெளிசாறு. அந்தத் தெளிசாறு எவாப்பரேட்டர்களில் வற்றி, 60 பிரிக்ஸ் (எடையில் நூற்றுக்கு 60 பங்கு கரைந்த பொருள்) அளவுள்ள கெட்டிச் சிரப்பாகும்.

அந்தச் சிரப்பில் இரண்டாம் முறை வாயுவை விடுகிறார்கள். இந்தத் தடவை சுண்ணாம்பு கிடையாது. அதனால் பி.எச். 5 முதல் 5.5 வரை இறங்கும். அப்புறம் 'பேன்' என்ற மூடிய பாத்திரத்தில் காய்ச்சி, மணி கட்டவைத்து, சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றிச் சர்க்கரையைப் பிரிப்பார்கள்.

முதல் தடவை செய்யும் வேலையும் இரண்டாம் தடவை செய்யும் வேலையும் ஒன்றல்ல. குழப்பம் எல்லாம் இதைப் பிரித்துப் பார்க்காததால் வருவது.

முதல் தடவை என்ன நடக்கிறது? வெளுப்பா?

கொஞ்சம் வெளுக்கும். ஆனால் அங்கே முக்கிய வேலை துப்புரவு, அதிலும் பெரும்பங்கு சுண்ணாம்புடையது.

சாற்றில் இயல்பாகவே பாஸ்பேட் உண்டு. சுண்ணாம்பு சேர்ந்ததும் அது கால்சியம் பாஸ்பேட்டாகி, பஞ்சுபோலத் திரண்டு, புரதம், மெழுகு, மண்துகள் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு அடியில் இறங்கும். சாற்றில் பாஸ்பேட் லிட்டருக்கு 300 மில்லிகிராம் அளவுக்காவது (பி2ஓ5 கணக்கில்) இருந்தால்தான் தெளிவு சரியாக வரும். குறைந்தால் ஆலைக்காரர்கள் பாஸ்பாரிக் அமிலம் சேர்த்துக்கொள்வார்கள்.

வெறும் சுண்ணாம்பில் ஒரு சிக்கல் இருக்கிறது. தாராளமாகப் போட்டால் அழுக்கு நன்றாகத் திரளும், ஆனால் சாறு காரத்தன்மைக்கு (அமிலத்துக்கு எதிர்நிலை) போய்விடும். எஞ்சிய சுண்ணாம்பைத் திரும்ப வெளியே எடுக்க வேண்டும். அங்கேதான் கந்தக வாயு வருகிறது. அது நீரில் கரைந்து சல்ஃபியூரஸ் அமிலமாகி, சுண்ணாம்போடு சேர்ந்து கால்சியம் சல்ஃபைட் என்ற வெள்ளைத் திடப்பொருளாகிறது. இது வெறும் நீரில் லிட்டருக்கு 0.1 கிராம் கூடக் கரையாது. சூடேற ஏற இன்னும் குறைவாகவே கரையும். 102 டிகிரிக்குச் சூடாக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். புதிதாகப் பிறக்கும் இந்தப் படிகங்கள் நிறப்பொருள்களில் ஒரு பகுதியைத் தம் மேல் ஒட்டவைத்துக்கொண்டு சேற்றோடு இறங்கிவிடும். சேறும் கனமாகிச் சீக்கிரம் படியும்.

ஆய்வகத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். தொட்டியிலிருந்து எடுத்த சாற்றை ஒரு நீளக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி நிறுத்தினால், முதலில் முழுக்கக் கலங்கல். ஒரு நிமிடத்துக்குள் திரள் திரளாகப் பிரியும். பிறகு மேலிருந்து ஒரு கோடு தெளிவாகத் தெரிந்து கீழே இறங்கத் தொடங்கும். கோட்டுக்கு மேலே வைக்கோல் நிறத் தெளிவு. கோடு இறங்கும் வேகத்தைப் பார்த்தே அனுபவமுள்ள கெமிஸ்ட் "சுண்ணாம்பு கம்மி" என்றோ "கேஸ் ஜாஸ்தி" என்றோ சொல்லிவிடுவார்.

நிறத்தை அது எப்படித்தான் குறைக்கிறது?

இதுதான் இந்த வேதியியலில் ருசியான இடம். நாலு வழிகள்.

கரும்பை வெட்டி அரைத்ததும் சாறு கருக்கிறதே, வாழைக்காயை நறுக்கி வைத்தால் கருப்பதும் அதே வேலைதான். பீனால் வகைப் பொருள்களைக் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு ஒரு நொதி சேர்த்துவைக்க, குயினோன்கள் உருவாகி, அவை பழுப்பு நிறமாகக் கோத்துக்கொள்கின்றன. கந்தக வாயு சாற்றில் கரைந்து உண்டாகும் சல்ஃபைட் அந்த நொதியை முடக்கும். உருவான குயினோன்களைத் திரும்பப் பழைய நிறமற்ற நிலைக்கும் கொண்டுபோகும்.

இரண்டாவது, குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் சாற்றிலுள்ள அமினோ அமிலங்களோடு சூட்டில் சேர்ந்து பழுப்பாகும் மெயிலார்டு வினை. தோசை முறுகிச் சிவப்பதும் இதே வினையால்தான். இந்தச் சர்க்கரைகளிலும் அவற்றிலிருந்து வழியில் பிறக்கும் இடைப்பொருள்களிலும் கார்போனைல் என்ற தொகுதி இருக்கிறது. கரைந்த வாயுவின் இன்னொரு வடிவமான பைசல்ஃபைட் அயனி அங்கே போய் உட்கார்ந்துகொண்டால் அமினோ அமிலத்துக்கு இடமில்லை, வினை நின்றுவிடும். சிரப்பை 5–5.5 பி.எச்.சுக்கு இறக்குவதன் சூட்சுமம் இதுவே: அந்த அளவில் கரைந்துள்ள வாயு கிட்டத்தட்ட முழுவதும் பைசல்ஃபைட் வடிவில் இருக்கும். 7.2ஐ ஒட்டிய பி.எச்.சில் பாதிக்குப் பாதி சல்ஃபைட்டாக மாறியிருக்கும்.

மூன்றாவது இரும்பு. ஆலை முழுக்க இரும்புக் குழாய்கள். அதிலிருந்து கரையும் ஃபெரிக் இரும்பு பீனால்களோடு சேர்ந்தால் கருமை வரும். சல்ஃபைட் அதை ஃபெரஸ் இரும்பாக ஒடுக்கிவிடும். ஃபெரஸ் அவ்வளவு கருப்பதில்லை.

நாலாவதுதான் ஊரெல்லாம் பேசும் வெளுப்பு: இருக்கும் நிறப்பொருள்களின் இரட்டைப் பிணைப்பில் சேர்ந்து நிறத்தை மறைப்பது. பள்ளி ஆய்வகத்தில் ஈரமான ரோஜா இதழை இந்த வாயுவில் காட்டினால் வெளுக்குமே, அந்த வேலை. ஏற்கெனவே தீய்ந்து உருவான கேரமல் நிறத்தை இது பெரிதாக அசைக்காது.

இந்த நாலையும் எடை போட்டால், நிறம் வராமல் தடுப்பதே சல்ஃபைட்டின் பெரும்பணி என்பேன். வந்த நிறத்தை அழிப்பது அதற்கு அடுத்ததுதான்.

அப்படியானால் மூட்டையில் வைத்த சர்க்கரை ஏன் மாதங்கள் போனால் மஞ்சளிக்கிறது?

நாலாவது வழியில் மறைத்த நிறம் மறைந்ததே தவிர அழியவில்லை. சல்ஃபைட் காற்றிலுள்ள ஆக்சிஜனால் மெல்ல சல்ஃபேட்டாகிவிடும். காவல் போனதும் நிறம் தலைகாட்டும். வெயில் காலத்தில் கிடங்கு சூடாகவும் ஈரமாகவும் இருந்தால் இது வேகமாக நடக்கும். அரவைப் பருவத்தில் பளிச்சென்று போன மூட்டை அடுத்த மழைக்காலத்துக்குள் ஒரு படி மங்குவதன் காரணங்களில் இது முக்கியமானது.

கந்தக உலையில் அப்படி என்ன கவனம் தேவை? எரித்தால் வாயு வரப்போகிறது, அவ்வளவுதானே?

அவ்வளவுதான் என்று நினைத்த ஆலைகள் குழாய் மாற்றியே நொந்துபோகும்.

1 கிலோ கந்தகம் 1 கிலோ ஆக்சிஜனோடு சேர்ந்து 2 கிலோ வாயு தரும், கணக்கு எளிமையானது. கந்தகம் 115–120 டிகிரியில் உருகி, 250 டிகிரியை ஒட்டித் தீப்பிடிக்கும். உலையின் சிறு கண்ணாடி வழியே பார்த்தால் நீலச் சுவாலை அமைதியாக ஊர்ந்துகொண்டிருக்கும். பார்க்க அழகு. ஆனால் மூடியின் இடுக்கில் கசிவு இருந்தால் அந்த அழகை ரசிக்க மூச்சு மிஞ்சாது.

சூடு எகிறினால், எரியாத கந்தகம் ஆவியாகிப் போய், குளிர்ந்த குழாயில் மஞ்சள் மாவாகப் படிந்து அடைத்துவிடும். காற்று அதிகமாகி, வாயு வெகுநேரம் சூடாகவே நின்றால் ஒரு பகுதி சல்ஃபர் ட்ரை ஆக்சைடாகும். காற்றில் ஈரமும் இருந்தால் அது கந்தக அமிலம். குழாயை அரிக்கும், போதாததற்குச் சாற்றில் கால்சியம் சல்ஃபேட்டையும் (ஜிப்சம்) உண்டாக்கும். ஜிப்சம் லிட்டருக்கு 2 கிராம் அளவுக்குக் கரையும், அதாவது கால்சியம் சல்ஃபைட்டைப்போல 20 மடங்குக்கும் மேல். எனவே சேற்றோடு போகாமல் தெளிசாற்றில் தங்கிவிடும். இதையெல்லாம் தவிர்க்கத்தான் உலைக்குப் போகும் காற்றை உலர்த்துவதும், வெளிவரும் வாயுவை உடனே குளிர்விப்பதும்.

பி.எச். கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் என்ன குடி முழுகிவிடும்?

சர்க்கரை என்று நாம் சாப்பிடுவது சுக்ரோஸ். சூடும் அமிலமும் சேர்ந்தால் அது உடைந்து குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என இரண்டாகும். இதை 'இன்வர்ஷன்' என்பார்கள். உடைந்தது மணி கட்டாது, மொலாசஸ் என்ற கழிவுப்பாகில் போய்ச் சேரும். நஷ்டம் நேராகக் கணக்கில் தெரியும். காரம் கூடினால் வேறு தொல்லை: குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் சிதைந்து அடர்பழுப்பாகும்.

வாயு அதிகமாகப் போனால் இன்னொரு கோளாறு. படிந்த கால்சியம் சல்ஃபைட் மறுபடி கரைந்து கால்சியம் பைசல்ஃபைட்டாகிவிடும். தெளிசாறு பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும், ஏமாந்துவிடக் கூடாது. எவாப்பரேட்டரில் சூடேறியதும் அது அங்கே குழாய்ச் சுவரில் படியும்.

இப்போது தானியங்கிக் கருவிகள் வந்துவிட்டன. ஆனாலும் தொட்டிப் பக்கத்தில் புரோமோதைமால் புளூ தாள் இன்னும் கிடக்கும். ஒரு சொட்டுச் சாறு: மஞ்சள் என்றால் அமிலம், நீலம் என்றால் காரம், பச்சை என்றால் சரி.

சிரப்பைப் புளிப்பாக்கிப் பேனில் காய்ச்சுகிறார்களே, அங்கே சர்க்கரை உடையாதா?

நல்ல கேள்வி. கொஞ்சம் உடையும். ஆனால் பேன் வெற்றிடத்தில் வேலை செய்கிறது. 65–70 டிகிரியிலேயே கொதித்துவிடும், எனவே இழப்பு கட்டுக்குள் நிற்கும். திறந்த கொப்பரையில் இதே பி.எச்.சில் காய்ச்சினால் கதை வேறு.

எவாப்பரேட்டரில் பொருக்குப் படிவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நிறையவே உண்டு. சல்ஃபைட், சல்ஃபேட், சிலிக்கா கலந்த பொருக்கு கடைசிப் பாத்திரங்களில்தான் கெட்டியாக ஒட்டும். பொருக்கு தடித்தால் சூடு ஏறாது, நீராவி விரயம். அரவையை நிறுத்தி, காஸ்டிக் சோடாவில் கொதிக்கவிட்டு, பிறகு குழாய் குழாயாகச் சுரண்ட வேண்டும்.

கடைசியில் மூட்டைக்குள் எவ்வளவு தங்குகிறது?

ஒரு கணக்குப் போடுவோம். 1 டன் கரும்புக்கு ஏறக்குறைய அரை கிலோ கந்தகம் எரிகிறது. அது 1 கிலோ வாயு. அந்தக் கரும்பிலிருந்து கிடைக்கும் சர்க்கரை, தோராயமாக 100 கிலோ என்று வைப்போம்.

நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி, இப்படி ஆலையில் நேரடியாகத் தயாராகும் வெள்ளைச் சர்க்கரையில் கிலோவுக்கு 70 மில்லிகிராமுக்கு மேல் சல்ஃபர் டை ஆக்சைடு இருக்கக் கூடாது. சர்வதேசக் கோடெக்ஸ் தரமும் இந்த வகைக்கு அதே 70தான். சுத்திகரித்த வெள்ளைச் சர்க்கரைக்கு 15. உச்ச வரம்பான 70 என்றே எடுத்தாலும் 100 கிலோவில் 7 கிராம். உள்ளே விட்டது 1,000 கிராம். ஆக மூட்டைக்குப் போவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மற்றதெல்லாம் சேற்றில் கால்சியம் சல்ஃபைட்டாகவும், மொலாசஸில் சல்ஃபேட்டாகவும், மிச்சம் காற்றிலும் போய்விடுகிறது.

உடம்புக்குக் கெடுதலா?

நம் உடம்பிலேயே கந்தகம் கொண்ட அமினோ அமிலங்கள் சிதையும்போது சல்ஃபைட் உண்டாகிறது. சல்ஃபைட் ஆக்சிடேஸ் என்ற நொதி அதைச் சல்ஃபேட்டாக்கிச் சிறுநீரில் அனுப்பிவிடும். உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு வகுத்த வரம்பு, உடல் எடை கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.7 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 42 மில்லிகிராம். நாளைக்கு 50 கிராம் சர்க்கரை சாப்பிட்டு, அதில் உச்ச அளவே இருந்தாலும் 3.5 மில்லிகிராம்தான். உலர்ந்த ஆப்ரிகாட் பழத்தில் ஐரோப்பா அனுமதிப்பது கிலோவுக்கு 2,000 மில்லிகிராம் வரை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அதற்காக எல்லாம் சரி என்று கையைத் தட்டிவிட முடியாது. 2022இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், தரவுகள் போதவில்லை என்று சொல்லி, தான் தற்காலிகமாக வைத்திருந்த 0.7 வரம்பைத் திரும்பப் பெற்றது. சல்ஃபைட் நிறைந்த உணவுகளை அதிகம் சாப்பிடுவோருக்குப் பாதிப்பு இருக்கலாம் என்றும் சொன்னது. ஆஸ்துமா உள்ளவர்களில் ஒரு சிறு பகுதியினருக்குச் சல்ஃபைட் பட்டாலே மூச்சு இறுகும். அமெரிக்காவில் இதனால்தான் 1986இல் பச்சையாக உண்ணும் காய், பழங்களில் சல்ஃபைட் தெளிப்பதைத் தடுத்தார்கள். அங்கே உணவில் 10 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 10 பங்கு) அளவுக்கு இருந்தாலே லேபிளில் சொல்லியாக வேண்டும். உங்களுக்கு அந்த ஒவ்வாமை இருந்தால் சர்க்கரையையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள், மருத்துவரிடமும் கேளுங்கள்.

மற்றபடி, 50 கிராம் சர்க்கரையில் கவலைப்பட வேண்டியது 3.5 மில்லிகிராம் சல்ஃபைட்டைவிட மிச்சமுள்ள சர்க்கரையைப் பற்றித்தான்.

எனக்கு சல்ஃபா மாத்திரை ஒத்துக்கொள்ளாது. சர்க்கரையும் ஆகாதா?

இரண்டுக்கும் தொடர்பில்லை. சல்ஃபா மருந்து ஒவ்வாமை வேறு, சல்ஃபைட் உணர்திறன் வேறு.

இவ்வளவு தொல்லை என்றால் ஏன் இந்த முறையை விடவில்லை?

மலிவு. காரணத்தில் பாதி அது, மீதி வரலாறு. 1932இல் சர்க்கரைத் தொழில் பாதுகாப்புச் சட்டம் வந்தபின், ஜாவாவிலிருந்து இறக்குமதியான சர்க்கரைக்குப் பதிலாக இங்கேயே ஆலைகள் மளமளவென முளைத்தன. கரும்புக் காட்டுக்குப் பக்கத்திலேயே, தனிச் சுத்திகரிப்பு ஆலை இல்லாமல், ஒரே மூச்சில் வெள்ளைச் சர்க்கரை வேண்டும். அதற்குக் கந்தகமும் சுண்ணாம்பும் போதுமானதாக இருந்தன. கடைக்காரர் 'எஸ் 30', 'எம் 30' என்று மணியின் பருமனையும் நிறத்தையும் பார்த்து விலை சொல்லும் பழக்கமும் இதையொட்டி வேரூன்றியது.

மாற்று வழிகள் இருக்கின்றன. சுண்ணாம்பு மட்டும் போட்டுப் பழுப்புச் சர்க்கரை எடுத்து, அதை மறுபடி கரைத்து, பாஸ்பாரிக் அமிலத்தால் அழுக்கை நுரையாக மிதக்கவைத்து நீக்கி, அயனிப் பரிமாற்றப் பிசினில் நிறத்தை வடிகட்டி, திரும்பக் காய்ச்சலாம். நிறம் 'இக்கும்சா' என்ற நிற அளவையில் (எண் குறையக் குறைய வெண்மை) 45க்குள் வரும். சல்ஃபிட்டேஷன் சர்க்கரை சாதாரணமாக 100–150. கடையில் 'சல்ஃபர் இல்லாத சர்க்கரை' என்று விற்பது பெரும்பாலும் இப்படி வந்ததுதான். குளிர்பான, மருந்துக் கம்பெனிகள் கேட்பதும் இதைத்தான். ஆனால் ஒருமுறை கட்டிய மணியைக் கரைத்து மறுபடி காய்ச்ச நீராவி வேண்டும். அந்த நீராவிக்குச் சக்கை வேண்டும். சக்கையை மின்சாரமாக்கி விற்றுக்கொண்டிருக்கும் ஆலைக்கு அது கையைக் கடிக்கும்.

என் அபிப்பிராயத்தில் மாறத்தான் வேண்டும். அதற்கு நுகர்வோரின் பயத்தைவிட வலுவான காரணங்கள் திரும்பி வரும் நிறமும், பொருக்கும், உலைப் பக்கத்தில் நிற்கும் ஆளின் நுரையீரலும்.

அந்த ஆளுக்கு என்ன பாதுகாப்பு?

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் அட்டவணையில் வகுத்திருந்த வரம்பு இது: 8 மணி நேரப் பணியில் காற்றில் சராசரி 2 பி.பி.எம்., குறுகிய நேரத்துக்கு 5 பி.பி.எம்., அதற்கு மேல் கூடாது. வாயு காற்றைவிட இரண்டு மடங்குக்கு மேல் கனம், பள்ளத்தில் தேங்கும். கண்ணிலும் தொண்டையிலும் உள்ள ஈரத்தில் கரைந்து அங்கேயே அமிலமாகும். நெடி பழகிவிட்டது என்று யாராவது பெருமையாகச் சொன்னால் நம்பி நிற்காதீர்கள், வெளியே வாருங்கள்.

சர்க்கரையை எலும்புக்கரியில் வடிக்கிறார்களாமே?

சில வெளிநாட்டுச் சுத்திகரிப்பு ஆலைகளில் உண்டு. சல்ஃபிட்டேஷன் முறையில் அதற்கு வேலையே இல்லை.

அப்படியானால் வெல்லம் வாங்கினால் கந்தகப் பிரச்சினை இல்லைதானே?

அவசரப்படாதீர்கள். வெல்லம் பளீர் மஞ்சளாக இருந்தால்தான் விலை போகிறது என்பதால், கொப்பரையில் 'ஹைட்ரோஸ்' போடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அது சோடியம் ஹைட்ரோசல்ஃபைட். அதுவும் சல்ஃபைட் குடும்பம்தான், வெளுப்பதும் அதே வழியில். ஆனால் ஆலையில் இருக்கும் பி.எச். கட்டுப்பாடும் தெளியவைக்கும் தொட்டியும் அங்கே கிடையாது, ஆள் கை அளவுதான். போட்டதில் எவ்வளவு தங்கும் என்பது அச்சில் ஊற்றுபவருக்கே தெரியாது. ஆலைச் சர்க்கரையைப் பார்த்துப் பயந்து பளிச்சென்ற வெல்லத்துக்கு மாறுவதில் அர்த்தமில்லை. மாறுவதானால் கருத்த வெல்லமாகப் பாருங்கள்.

ஆலைச் சேற்றை (பிரஸ்மட்) வயலில் போடலாமா? கந்தகம் நிலத்தைக் கெடுக்காதா?

தாராளமாகப் போடலாம், மக்கவைத்துப் போடுங்கள். அதிலுள்ள சல்ஃபைட் மண்ணில் சல்ஃபேட்டாகிவிடும், பயிருக்கு அது சத்து. பாஸ்பரஸும் கால்சியமும் உண்டு. கார்பன் டை ஆக்சைடு விட்டுத் தெளியவைக்கும் கார்பனேஷன் ஆலைகளின் சேறுதான் சுண்ணாம்பு மிகுந்து, ஏற்கெனவே காரத்தன்மை உள்ள நிலத்துக்கு ஆகாது.

வீட்டிலேயே சர்க்கரையில் சல்ஃபைட் இருக்கிறதா என்று பார்க்க வழி உண்டா?

நம்பகமாக இல்லை. தண்ணீரில் கரைத்து மோந்து பார்ப்பது, எலுமிச்சை பிழிவது போன்ற வீடியோக்களை விட்டுவிடுங்கள். கிலோவுக்குச் சில பத்து மில்லிகிராம் மூக்குக்கு எட்டாது. ஆய்வகத்தில் மாதிரியை அமிலத்தோடு கொதிக்கவைத்து, வெளிவரும் வாயுவை ஹைட்ரஜன் பெராக்சைடில் பிடித்து, உருவான கந்தக அமிலத்தைக் காரத்தால் அளப்பார்கள். இதற்கு மோனியர்-வில்லியம்ஸ் முறை என்று பெயர். அங்கீகாரம் பெற்ற உணவு ஆய்வகத்தில் மாதிரி கொடுக்கும்போது 'சல்ஃபர் டை ஆக்சைடு, கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம்' என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். மாதிரியைக் காற்றுப் புகாமல் மூடி, எடுத்த கையோடு கொடுங்கள். திறந்து கிடந்தால் உள்ளதைவிடக் குறைவாகத்தான் காட்டும்.